காயலான் கடை ஆக்சிலும் ஒரு பழைய ஜீப்பும்

(எபிசோடின் பேச்சு, படிப்பதற்காகக் கொஞ்சம் செதுக்கப்பட்டது.)

இன்னைக்கு முழு எபிசோடும் ஒரு வண்டியோட பின் ஆக்சிலைப் பத்தித்தான். இன்ஜின் இல்ல, டச் ஸ்கிரீன் இல்ல, சன்ரூஃப் இல்ல. வண்டிக்கு அடியில சேறும் ஆயிலும் பூசிக்கிட்டு, யார் கண்ணுக்கும் படாம கிடக்கிற அந்த இரும்புக் குழாய்.

அமெரிக்காவுல பழைய ஜீப் வச்சிருக்கிறவங்க பல வருஷமா ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்றாங்க. ஜீப் செரோக்கியோட பின் ஆக்சிலை மொத்தமா கழட்டி ஓரமா வச்சிட்டு, காயலான் கடையில கிடக்கிற ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரோட ஆக்சிலை எடுத்துட்டு வந்து அங்க மாட்டுறாங்க. ஒரு கம்பெனி வண்டிக்கு, போட்டிக் கம்பெனியோட இடுப்பெலும்பு. கேட்டா கிறுக்குத்தனம் மாதிரி இருக்கும். ஆனா கணக்கு போட்டுப் பார்த்தா ரொம்ப நியாயமான வேலை. அந்தக் கணக்கைத்தான் இன்னைக்குப் போடப்போறோம்.

முதல்ல வண்டி. நான் சொல்ற செரோக்கி, எக்ஸ்ஜேன்னு கூப்பிடுற பழைய பெட்டி மாதிரி இருக்கிற மாடல். 1984 மாடல் வருஷத்துல அமெரிக்காவுல வந்தது, 2001 வரைக்கும் வித்தது. 1987ல இருந்து அதுல 4.0 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜின். அந்த இன்ஜின் லேசுல சாகாதுன்னு பேர் வாங்கினது. வண்டி எடை சுமார் ஒன்றரை டன். எளிமையான வண்டி, ஸ்பேர் சுலபமா கிடைக்கும், அதனால மலை, பாறை, மணல்னு ஏத்துறவங்களுக்கு இது செல்லப்பிள்ளை.

இந்தச் செல்லப்பிள்ளைக்குப் பெரும்பாலும் கம்பெனி கொடுத்த பின் ஆக்சிலோட பேர் டேனா 35. அதுக்கு அங்க ஒரு பட்டப்பெயர் இருக்கு. குடும்பத்தோட கேக்குற நிகழ்ச்சி, அதனால சொல்லல.

ஆக்சில் என்ன வேலை செய்யுதுன்னு ஒரு நிமிஷம் பார்த்திடுவோம். கியர்பாக்ஸ்ல இருந்து ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் பின்னாடி வருது. அதோட நுனியில பினியன்னு ஒரு சின்னப் பல்சக்கரம். பினியன் போய் கிரவுன் வீல்ங்கிற பெரிய பல்சக்கரத்தைச் சுத்துது. நீளவாக்குல வந்த சுழற்சி அங்கதான் குறுக்குவாக்குல திரும்புது. அங்கிருந்து இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு கம்பி, அதாவது ஆக்சில் ஷாஃப்ட், சக்கரத்துக்குப் போகுது. நாம இன்னைக்குக் கவனிக்க வேண்டிய எண்கள் ரெண்டே ரெண்டு: கிரவுன் வீலோட விட்டம், ஆக்சில் ஷாஃப்டோட தடிமன்.

டேனா 35ல கிரவுன் வீல் சுமார் 7.6 அங்குலம். ஷாஃப்ட் நுனியில 27 பல், அந்த இடத்துல தடிமன் சுமார் 1.18 அங்குலம். எக்ஸ்ப்ளோரர் ஆக்சிலுக்குப் பேரே 8.8, ஏன்னா கிரவுன் வீல் 8.8 அங்குலம். ஷாஃப்ட்ல 31 பல், தடிமன் சுமார் 1.32 அங்குலம். 1.18க்கும் 1.32க்கும் என்ன பெரிய வித்தியாசம்னு தோணும். ஆனா ஒரு கம்பியை முறுக்கும்போது அது தாங்குற பலம், விட்டத்தோட மூணாம் அடுக்கைப் பொறுத்தது. 1.32ஐ 1.18ஆல வகுத்து, வர்றதை மூணு தடவை பெருக்குங்க. சுமார் 1.4 வரும். உலோகம் ஒரே தரம்னு வச்சுக்கிட்டா, கண்ணுக்குத் தெரியாத அந்தச் சின்ன வித்தியாசத்துக்கு 40 சதவீதம் கூடுதல் பலம்.

அப்படின்னா கம்பெனி தப்பு பண்ணிட்டதா? இல்ல. ரோட்டுல, கம்பெனி கொடுத்த டயர்ல ஓடுற வரைக்கும் டேனா 35 ஒழுங்கா ஓடும். பிரச்சினை டயரை மாத்தும்போது ஆரம்பிக்குது.

செரோக்கி சுமார் 28 அங்குல டயரோட வருது. பாறையில ஏத்துறவங்க 33 அங்குலம் போடுவாங்க. ஸ்டைலுக்காக மட்டும்னு நினைக்காதீங்க. ஸ்பிரிங்கை உயர்த்தினா பாடி மேல போகும், ஆனா ஆக்சில் இருந்த இடத்துலயேதான் இருக்கும். ஆக்சிலோட வயிறு பாறையில இடிக்காம இருக்கணும்னா டயரைப் பெருசாக்குறது ஒண்ணுதான் வழி. ஆனா டயர் பெருசானா, ஷாஃப்டை முறுக்குற நெம்புகோலும் நீளமாகுது. ஆரம் 14 அங்குலத்துல இருந்து 16.5. அதாவது, அதே பிடிமானத்துல ஷாஃப்ட் மேல சுமார் 18 சதவீதம் கூடுதல் முறுக்கு.

இதோட கியர் பெருக்கத்தையும் சேருங்க. இன்ஜின் கொடுக்கிறது சுமார் 300 நியூட்டன் மீட்டர். ஆட்டோமேட்டிக் வண்டியில முதல் கியர் 2.80, நாலு சக்கர லோ ரேஞ்ச் 2.72, ஆக்சில்ல 3.55. மூணையும் பெருக்கினா 27. இன்ஜினோட 300, சக்கரத்துக்கிட்ட போகும்போது 8,000ஐத் தாண்டுது. இது காகிதக் கணக்குதான், முன் ஆக்சிலும் பங்கு எடுத்துக்கும், உராய்வுல கொஞ்சம் போகும். ஆனா செங்குத்தான பாறையில ஏறும்போது எடை முழுக்க பின்னாடி சாயும். முன் சக்கரம் கிட்டத்தட்ட காத்துல. பின்னாடி டிஃப்ரென்ஷியல்ல லாக்கர் போட்டிருந்தா, பிடிமானம் இருக்கிற ஒரே ஒரு சக்கரம், ஒரே ஒரு ஷாஃப்ட், மொத்தத்தையும் வாங்கிக்கும்.

சாதாரண வண்டியில இந்த நிலைமை வராது. ஏன்னா அதுக்கு முன்னாடியே டயர் வழுக்கிடும். டயர் வழுக்குறதுதான் வண்டியோட இயற்கையான ஃபியூஸ். பெரிய டயர், காத்தைக் குறைச்சு ஓட்டுறது, லாக்கர், இந்த மூணும் அந்த ஃபியூஸைப் பிடுங்கிடுது. அப்புறம் எது உடையும்? வரிசையில எது பலவீனமோ அது.

இப்போ இந்த எபிசோடோட முக்கியமான இடத்துக்கு வந்திருக்கோம். எல்லாரும் "எது உடையாது"ன்னு கேட்டுத்தான் ஆக்சில் தேடுவாங்க. நான் கேக்குற கேள்வி வேற. உடையத்தான் போகுதுன்னா, எங்க உடையணும்?

டேனா 35ல, செரோக்கியில வர்ற பெரும்பாலான ஆக்சில்ல, ஷாஃப்டை உள்ள பிடிச்சு வச்சிருக்கிறது ஒரு சின்ன இரும்புத் துண்டு. ஆங்கில சி எழுத்து வடிவம். சி-கிளிப்னு பேர். டிஃப்ரென்ஷியலுக்குள்ள, ஷாஃப்டோட உள்நுனியில ஒரு பள்ளம் இருக்கும், அதுல மாட்டியிருக்கும். சக்கரம் வண்டியை விட்டு வெளிய நழுவாம இருக்கிறதே அந்தக் கிளிப்பாலதான். இப்போ ஷாஃப்ட் நடுவுல உடைஞ்சா? உடைஞ்ச இடத்துக்கு வெளிப்பக்கம் இருக்கிற துண்டை எதுவும் பிடிச்சு வைக்கல. சக்கரம், பிரேக் டிரம், உடைஞ்ச துண்டு, எல்லாம் சேர்ந்து மெதுவா வெளிய நடந்து வரும். பாறை மேல மணிக்கு 3 கிலோமீட்டர்ல நடந்தா நாள் வீணாகும். பாறையில பாதி விரிசல் விட்ட ஷாஃப்ட், வீட்டுக்குத் திரும்பும்போது ஹைவேயில உடைஞ்சா? அந்தக் காட்சியை நீங்களே யோசிச்சுக்கங்க.

இதை நம்ம ஊர் லாரியோட ஒப்பிட்டுப் பாருங்க. அடுத்த தடவை சிக்னல்ல நிக்கும்போது பக்கத்து லாரியோட பின் சக்கரத்தைக் கவனிங்க. நடுவுல வெளிய துருத்திக்கிட்டு ஒரு ஹப், அதுல வட்டமா போல்ட்டுகள். அந்த போல்ட்டைக் கழட்டி, சக்கரத்தைத் தொடாமலே ஷாஃப்டை வெளிய உருவிடலாம். ஏன்னா லாரியில எடையைத் தாங்குறது குழாயும் பேரிங்கும், ஷாஃப்டுக்குச் சுத்துற வேலை மட்டும்தான். அதனால ஷாஃப்ட் உடைஞ்சாலும் சக்கரம் இருந்த இடத்துலயே இருக்கும். செரோக்கி மாதிரி வண்டியில ஷாஃப்டே சுத்தணும், ஷாஃப்டே எடையும் தாங்கணும்.

உண்மையைச் சொல்லணும்னா, எக்ஸ்ப்ளோரரோட 8.8லயும் இதே சி-கிளிப்தான். ஆக்சில் மாத்தினதும் அந்த ஆபத்து மாயமாகிடாது. ஆனா ஷாஃப்ட் தடிமன் கூடினதால அது உடையுற வாய்ப்பு வரிசையில கீழ போகுது. அதோட 1995ல இருந்து வந்த எக்ஸ்ப்ளோரர்ல பின்னாடி டிஸ்க் பிரேக். ஷாஃப்ட் உடைஞ்சாலும், டிஸ்க்கைக் கவ்விப் பிடிச்சிருக்கிற காலிப்பர் சக்கரத்தைக் கொஞ்ச தூரத்துக்காவது தடுக்கும். டிரம் அந்த உதவியைச் செய்யாது. காலிப்பர் இந்த வேலைக்காகப் பண்ணினது இல்ல, அதை நம்பி ஓட்டக் கூடாது. ஆனாலும் வித்தியாசம் வித்தியாசம்தான்.

சரி, பலமான ஆக்சில் உலகத்துல எத்தனையோ இருக்கே, எக்ஸ்ப்ளோரர்தான் ஏன்? பலத்துக்காக மட்டும் இல்ல, அளவுக்காக. சக்கரத்தோட போல்ட் வட்டம் ரெண்டு வண்டியிலயும் ஒண்ணு: 5 போல்ட், 4.5 அங்குலம். போல்ட்டோட மரைகூட அதேதான். அதனால ஜீப்போட சக்கரம் அப்படியே ஏறும். அகலம் செரோக்கியோடதை விட சுமார் ஒரு அங்குலம்தான் கம்மி. ரெண்டு கம்பெனியும் பேசி வச்சுக்கிட்டு பண்ணல, தற்செயல்தான். அந்தத் தற்செயல்தான் இந்த மொத்தப் பழக்கத்துக்கும் காரணம்.

இன்னொண்ணு, 8.8க்கு உதிரி பாகங்களுக்குப் பஞ்சமே இல்ல. ஃபோர்டு மஸ்டாங்ல 1986ல இருந்து இதே 8.8 குடும்பம்தான் பின்னாடி இருந்தது. மஸ்டாங்கை டிராக் ரேஸ் ஓட்டுறவங்களுக்காக கியர், லாக்கர், பேரிங்னு ஒரு சந்தையே வளர்ந்துச்சு. ஜீப்காரங்க அதுல சத்தமில்லாம நிழல் வாங்கிக்கிட்டாங்க.

மூணாவது காரணம், எண்ணிக்கை. தொண்ணூறுகள்ல அமெரிக்காவுல அதிகமா வித்த எஸ்யூவிகள்ல எக்ஸ்ப்ளோரர் முன்னணியில இருந்தது. அதிகமா வித்த வண்டி, பத்து பதினஞ்சு வருஷம் கழிச்சு அதிகமா காயலான் கடைக்கு வரும். 2009ல இதுக்கு ஒரு பெரிய தள்ளு கிடைச்சுது. பொருளாதாரம் படுத்திருந்த நேரம். அமெரிக்க அரசாங்கம், பெட்ரோல் குடிக்கிற பழைய வண்டியைக் கொடுத்துட்டு சிக்கனமான புது வண்டி வாங்கினா 3,500 அல்லது 4,500 டாலர் தர்றோம்னு சொல்லுச்சு. ஜூலை, ஆகஸ்ட் ரெண்டே மாசம், 300 கோடி டாலர், சுமார் 6.8 லட்சம் வண்டிகள். அப்படிக் கொடுக்கப்பட்ட வண்டிகள்ல முதலிடம் நாலு சக்கர டிரைவ் எக்ஸ்ப்ளோரருக்கு. நம்ம செரோக்கியும் முதல் பத்துக்குள்ள இருந்தது, பாவம்.

அந்த வண்டிகள் திரும்ப ரோட்டுக்கு வரக் கூடாதுன்னு இன்ஜினைக் கொன்னுடுவாங்க. ஆயிலை வடிச்சிட்டு சோடியம் சிலிக்கேட் கரைசலை ஊத்தி ஓட விடுவாங்க. சூட்டுல அது கண்ணாடி மாதிரி இறுகி இன்ஜின் ஜாம் ஆகிடும். ஆனா சட்டத்துல ஒரு சின்ன விதிவிலக்கு இருந்தது. கியர்பாக்ஸ், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், பின் ஆக்சில், இதையெல்லாம் தனித்தனியா கழட்டினா உதிரியா விக்கலாம். அந்த வரியை எழுதின ஆள் யாரோ, ஜீப்காரங்க அவருக்குக் கடமைப்பட்டிருக்காங்க.

இப்போ யார்டுக்குள்ள போவோம். தேடவேண்டியது 1995ல இருந்து 2001 வரைக்குமான எக்ஸ்ப்ளோரர். 1995க்கு முன்னாடி டிரம் பிரேக், ஆக்சில் குழாயும் ஒல்லி. 2002ல எக்ஸ்ப்ளோரர் பின்னாடி தனித்தனி சஸ்பென்ஷனுக்கு மாறிடுச்சு, இந்த ஒத்தைக் குழாய் ஆக்சிலே இல்ல. மெர்க்குரி மவுன்டனீர்னு இதே வண்டிக்கு ஒரு பணக்காரச் சொந்தக்காரன் இருக்கான், அதுலயும் இதேதான். ரேஞ்சர் பிக்கப்பைப் பார்த்து ஏமாந்துடாதீங்க. வெளியில அதே 8.8 மாதிரி இருக்கும், உள்ள பெரும்பாலும் 28 பல் ஷாஃப்ட்.

டிஃப்ரென்ஷியல் மூடியில ஒரு போல்ட்டுக்கு அடியில சின்னத் தகடு ஒண்ணு தொங்கும். அதுல கியர் விகிதம் அடிச்சிருக்கும். 3க்கும் 73க்கும் நடுவுல எல் எழுத்து இருந்தா, 3.73 விகிதம், கூடவே லிமிடெட் ஸ்லிப்னு அர்த்தம். மூடியைத் திறந்து பார்க்காம வாங்காதீங்க. எப்படியும் 8.8ல ஆயில் வடிக்கத் தனி போல்ட் கிடையாது, மூடியைத்தான் கழட்டணும். உள்ள இருக்கிற ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி போயிருக்கு. பல்லுல சின்னச் சின்னப் பள்ளம் இருந்தா அடுத்த வண்டிக்கு நடங்க.

ஆக்சில் வீட்டுக்கு வந்தாச்சு. இங்கதான் "போல்ட்டைக் கழட்டு, போல்ட்டை மாட்டு"ங்கிற கனவு முடியுது. எக்ஸ்ப்ளோரர்ல லீஃப் ஸ்பிரிங், நம்ம லாரிக்காரங்க கமான் பட்டைன்னு சொல்றது, ஆக்சிலுக்கு அடியில இருக்கும். செரோக்கியில ஆக்சிலுக்கு மேல. ஆக, பட்டை உட்கார்ற மேடை தப்பான பக்கத்துல, தப்பான இடைவெளியில இருக்கு. அதை அறுத்து எடுத்துட்டு, புது மேடையைப் பழைய ஆக்சில்ல அளந்து வச்ச இடத்துல வெல்டிங் பண்ணணும். ஷாக் அப்சார்பர் பிடிக்கிற காதும் அப்படியே. குழாய் 3.25 அங்குலம், டேனா 35ஐ விடத் தடிமன், அதனால பழைய யூ போல்ட் சேராது. புதுசு வாங்குங்க. யூ போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்துறது எப்பவுமே கூடாது.

இந்த வெல்டிங்ல எங்க அவசரப்பட்டாலும் வாழ்நாள் முழுக்க அனுபவிக்கணும். முதல் விஷயம் கோணம். மேடையை எந்தக் கோணத்துல வைக்கிறோமோ, அதுதான் பினியன் எங்க பார்க்குதுன்னு தீர்மானிக்கும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டோட ரெண்டு முனையிலயும் ஒவ்வொரு கிராஸ் இருக்கிற சாதாரண ஷாஃப்ட்னா, பினியனும் டிரான்ஸ்பர் கேஸோட வெளி ஷாஃப்டும் ஒண்ணுக்கொண்ணு இணையா இருக்கணும். மேல இரட்டை கிராஸ் வச்ச ஷாஃப்ட்னா, பினியன் நேரா டிரான்ஸ்பர் கேஸையே பார்க்கணும், ஒண்ணு ரெண்டு டிகிரி மட்டும் தாழ்வா. தப்பினா ஒரு குறிப்பிட்ட வேகத்துல வண்டி முழுக்க நடுங்கும், கிராஸ் சீக்கிரமே செத்துடும். அதனால முதல்ல சும்மா புள்ளி வச்ச மாதிரி மட்டும் வெல்டிங். அப்புறம் வண்டியை ஜாக்கியில இருந்து இறக்கி, மொத்த எடையும் சக்கரத்துல நிக்கும்போது கோணத்தை அளங்க. சரியா இருந்தா திரும்பக் கழட்டி முழுசா பத்த வைங்க. ரெண்டு தடவை வேலை. ஜாக்கியில தூக்கி வச்சே அளந்தா அது பொய்க் கோணம்.

ரெண்டாவது, சூடு. நீளமா ஒரே இழுப்புல வெல்டிங் ஓட்டினா குழாய் ஆறும்போது ஒரு பக்கமா இழுத்துக்கும். கண்ணுக்குத் தெரியாத வளைவு, ஆனா டயர் ஓரமா தேயும், பேரிங் சத்தம் போடும். கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது, நடுவுல ஆறவிடுறது, இப்படித்தான் போகணும்.

மூணாவது இன்னும் நுட்பம். 8.8ல குழாயை நடு ஹவுசிங்குக்குள்ள அழுத்திச் செருகி, அங்கங்க மட்டும் வெல்டிங் வச்சு விட்டிருப்பாங்க. பெரிய டயர் போட்டு அடிச்சு ஓட்டினா குழாய் ஹவுசிங்குக்குள்ளயே சுத்த ஆரம்பிக்கலாம். அதனால நிறைய பேர் சுத்திலும் முழுசா பத்த வைக்கிறாங்க. ஆனா குழாய் ஸ்டீல், ஹவுசிங் வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பை அப்படியே பத்தவச்சா ஆறும்போது பக்கத்துல விரிசல் விடும். முன்னாடியே சூடாக்கணும், தகுந்த ராடு வேணும், மெதுவா ஆறவிடணும். என் கருத்தைக் கேட்டா, மத்த வெல்டிங்கை நீங்க கத்துக்கிட்டுப் பண்ணுங்க, இதை மட்டும் தினமும் அதே வேலை பண்றவர்கிட்ட காசு கொடுத்துப் பண்ணுங்க. அந்தக் குழாய் மேலதான் உங்க பக்கத்து சீட்டுல இருக்கிறவங்களும் உட்கார்ந்திருக்காங்க.

அடுத்த பில், முன் ஆக்சில்கிட்ட இருந்து வரும். இதைப் பல பேர் யோசிக்கிறதே இல்ல. நாலு சக்கரமும் ஓடுற வண்டியில முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே கியர் விகிதத்துல இருக்கணும். முன்னாடி 3.55, பின்னாடி 3.73ன்னு வச்சிட்டு நாலு சக்கர டிரைவைப் போட்டா, ரெண்டும் 5 சதவீத வேக வித்தியாசத்தோட ஒண்ணையொண்ணு முறுக்கும். டயர் வழுக்கி விட்டுக்கொடுத்தா பிழைச்சது, இல்லன்னா டிரான்ஸ்பர் கேஸ் போகும்.

ஆட்டோமேட்டிக் செரோக்கியில பெரும்பாலும் 3.55. எக்ஸ்ப்ளோரர்லயும் 3.55 உண்டு. அதைத் தேடி எடுத்தா முன்பக்கம் கை வைக்காமலே வேலை முடியும். ஆனா 33 அங்குல டயருக்கு 3.55 போதாது, வண்டி மூச்சு வாங்கும். 28 அங்குலத்துல 3.55 கொடுத்த அதே இழுப்பு 33ல வேணும்னா, கணக்குப்படி சுமார் 4.18 வேணும். எக்ஸ்ப்ளோரர்ல 4.10 கிடைக்கும். காயலான் கடையிலயே கிட்டத்தட்ட சரியான எண்! ஆனா அதை எடுத்தா முன் ஆக்சில்லயும் கிரவுன், பினியன் செட்டை 4.10க்கு மாத்தியாகணும். அந்தக் கூலியைச் சேர்த்துப் பார்த்தா, சில நூறு டாலர் ஆக்சில் அதோட நிக்காதுன்னு புரியும்.

பிரேக் பத்திச் சுருக்கமா. டிஸ்க் வர்றது லாபம், ஆனா ஜீப்போட பிரேக் வால்வு பின்னாடி டிரம் இருக்கும்னு நினைச்சு அழுத்தத்தைப் பங்கு போட்டிருக்கும். காலி இடத்துல, ஈர ரோட்டுல, மெதுவான வேகத்துல இருந்து ஆரம்பிச்சு, பின் சக்கரம் முதல்ல லாக் ஆகுதான்னு சோதிக்காம போக்குவரத்துக்குள்ள வராதீங்க. ஹேண்ட் பிரேக் கேபிளும் நேரா சேராது. அதை அப்புறம் பார்த்துக்கலாம்னு விடுறவங்க நிறைய. மலையில வண்டியை நிறுத்துறவங்களுக்கு அது எப்படி "அப்புறம்" ஆகும்னு எனக்குப் புரியல.

ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைச் சேர்க்கிற இடத்துல ஃபோர்டுக்கு வட்டத் தட்டு, ஜீப்புக்கு நேரா கிராஸ் உட்கார்ற பிடி. நடுவுல ஒரு அடாப்டர் வேணும், ஷாஃப்ட் நீளமும் மாறலாம். வண்டி சக்கரத்துல நிக்கும்போது அளந்துட்டு அப்புறமா ஷாஃப்டுக்கு ஆர்டர் கொடுங்க.

இப்போ வண்டி வெளிய வந்திடுச்சு. பின் ஆக்சில் பலமாகிடுச்சு. அப்போ அடுத்து எது பலவீனம்? நான் முன்னாடி கேட்ட கேள்விக்கு இங்கதான் பதில்.

ஆக்சில் ஷாஃப்ட் தடிமனாயிடுச்சுன்னா, பின்பக்கம் அடுத்து விட்டுக்கொடுக்க வாய்ப்பு அதிகம் இருக்கிறது ப்ரொப்பெல்லர் ஷாஃப்டோட கிராஸ். அது உடைஞ்சா என்ன ஆகும்? சத்தம் வரும், வண்டி நிக்கும். ஆனா நாலு சக்கரமும் அதது இடத்துல இருக்கும். பையில ஸ்பேர் கிராஸும் சுத்தியலும் இருந்தா அங்கயே மாத்தலாம். இல்லன்னா பின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழட்டி வண்டிக்குள்ள போட்டுட்டு, முன் சக்கரத்தை மட்டும் வச்சு மெதுவா வெளிய வரலாம். கலிஃபோர்னியாவுல ரூபிகான் டிரெயில்னு ஒண்ணு, 22 மைல், பெரும்பகுதி பாறை. டோ வண்டி உள்ள வராது. அங்க சக்கரம் கழண்டு நிக்கிறதுக்கும், கிராஸ் உடைஞ்சு நிக்கிறதுக்கும் நடுவுல இருக்கிற தூரம் ரொம்ப ரொம்பப் பெருசு.

இதுலயும் ஒரு குட்டிக் கொக்கி இருக்கு. செரோக்கியில பின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் டிரான்ஸ்பர் கேஸுக்குள்ள வழுக்கி நுழையுற மாதிரி இருக்கும், போல்ட் கிடையாது. அதை உருவினா அந்த ஓட்டை வழியா ஆயில் கொட்டும். முன் சக்கரத்துல வீட்டுக்கு வர்ற திட்டமே அங்க கவிழும். அதனால இந்த வேலை பண்றவங்கள்ல விவரமானவங்க, டிரான்ஸ்பர் கேஸோட வால் பகுதியையும் போல்ட் போடுற மாதிரி மாத்திடுறாங்க. பார்க்கிறவங்களுக்கு இது இன்னொரு தேவையில்லாத செலவு. எனக்கு இதுதான் ஆக்சிலுக்குச் சமமான முக்கியம்.

முன்னாடி இருக்கிற டேனா 30யும் மறக்காதீங்க. பின்பக்கம் தைரியம் வந்ததும் ஓட்டுற கால் இன்னும் அழுத்தும், அப்போ முன் ஆக்சிலோட கிராஸ் முதல்ல கத்தும்.

யாருக்கு இது வேணும்? ரோட்டுலயும் மண் பாதையிலயும் ஓட்டுறவங்க, 29, 30 அங்குல டயர், லாக்கர் இல்ல, அவங்களுக்கு வேண்டவே வேண்டாம். ஆயிலை மாத்திட்டு நிம்மதியா ஓட்டுங்க. 33 அங்குலம், லாக்கர், பாறைன்னா, டேனா 35க்கு லாக்கர் வாங்கக் காசு செலவழிக்கிறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க. பலவீனமான ஆக்சிலுக்குள்ள விலை உயர்ந்த லாக்கரைப் போடுறது, ஓட்டை வாளிக்கு வெள்ளி மூடி. 35க்கு மேல, கனமான வண்டின்னா 8.8லயும் நிக்காதீங்க, லாரி மாதிரி ஷாஃப்டை வெளிய உருவுற வகை ஆக்சிலுக்குப் போங்க.

இதைக் கேட்டுட்டு சென்னையில, கோயம்புத்தூர்ல யாராவது வெல்டிங் மெஷினைத் தேடக் கிளம்பினா, ஒரு நிமிஷம். நம்ம மோட்டார் வாகனச் சட்டத்தோட 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்கள் மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. கேரளாவுல இருந்து போன ஒரு வழக்குல 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை உறுதியா சொல்லிடுச்சு. இங்க ரோட்டுல ஓடுற வண்டிக்கு எதைத் தொடுறதா இருந்தாலும் முதல்ல ஆர்டிஓ ஆபீஸ்ல கேளுங்க, இன்சூரன்ஸ் கம்பெனியிலயும் கேளுங்க.

லாக்கர்னா என்ன, எத்தனை வகை, எது ரோட்டுல கழுத்தறுக்கும்னு இன்னைக்கு உள்ள போகல. அடுத்த எபிசோட் முழுக்க அதுதான். அதுவரைக்கும், சிக்னல்ல லாரி நின்னா அந்தப் பின் ஹப்பை மட்டும் பார்த்து வைங்க. பார்க்கலாம்.